கை ஃபாக்ஸின் மீசை துபாய்க்கு வந்த கதை

2012 நவம்பர் கடைசி. டிசம்பர் 2இல் வரும் 41ஆவது தேசிய தினத்துக்கு ஐக்கிய அரபு அமீரகம் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நாள் அங்கே எப்படிக் களைகட்டும் என்று துபாயின் தேராவிலோ கராமாவிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார். கார் முழுக்க ஆட்சியாளர்களின் படம் ஒட்டியிருக்கும். ஒருவர்மேல் ஒருவர் நுரை பீய்ச்சுவார்கள். துண்டு, தொப்பி, பொய்முடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் கொடியின் நிறத்தில் கிடைக்கும். அந்த ஆண்டு துபாயின் சில இணையக் கடைகள் இந்தச் சரக்கோடு ஒரு முகமூடியையும் சேர்த்து விற்றன. வெளுத்த முகம், வில்லாக ஏறிய புருவம், நுனி முறுக்கிய மீசை, தாடையில் கோடு கிழித்ததுபோல ஒரு தாடி, வரவேற்கிறதா நக்கலடிக்கிறதா என்று தெரியாத ஒரு சிரிப்பு. அதன்மேல் சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என்று அமீரகக் கொடியைப் பூசியிருந்தார்கள்.

இதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் விசாரிக்க நேரும் என்று காவல்துறை எச்சரித்தது. வியாபாரிக்குத் தேசபக்திச் சாமானாகத் தெரிந்தது, காவல்துறைக்குக் கலகச் சின்னமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய தேசிய தினங்களில் இதே முகத்தை மாட்டிக்கொண்டு, அரசியல் வாசனையே இல்லாமல் கடற்கரைச் சாலையில் ஆட்டம் போட்டவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு வெடி வைக்கப் போய் அகப்பட்ட ஒருவனின் முகம் அரபிக் கொடியைப் பூசிக்கொள்ள 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அத்தனை தூரம் வந்த அந்த முகம், தன்னைச் செய்தவர் சொல்பேச்சை வழியில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கை ஃபாக்ஸ் அந்தச் சதியின் தலைவன்கூட இல்லை. தலைவன் ராபர்ட் கேட்ஸ்பி. கத்தோலிக்கர்களை ஒடுக்கிய ஆட்சியின் மேல் கோபம் கொண்ட 13 பேர், மன்னர் முதலாம் ஜேம்ஸையும் அவர் கூட்டிய நாடாளுமன்றத்தையும் ஒரே வெடியில் முடிக்கத் திட்டமிட்டார்கள். ஃபாக்ஸ் ஸ்பெயின் படையில் சேர்ந்து ஃப்ளாண்டர்ஸில் சண்டை போட்டவன். வெடிமருந்தைக் கையாளத் தெரிந்தவன். அதனால் பீப்பாய்களுக்குக் காவல் இருக்கும் வேலை அவனுக்கு வந்தது. 1605 நவம்பர் 4 நள்ளிரவையொட்டி, பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டபோது தன் பெயர் ஜான் ஜான்சன் என்று சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை. 1606 ஜனவரி 31இல் மரண தண்டனை நிறைவேறியது. திட்டம் தீட்டியவர்களின் பெயரை உலகம் மறந்துவிட்டது. காவல் இருந்தவனின் பெயர் நின்றுவிட்டது.

மன்னர் பிழைத்ததற்கு ஆண்டுதோறும் நவம்பர் 5இல் நன்றி சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டது. 1859 வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. சொக்கப்பனை கொளுத்தினார்கள், வாணம் விட்டார்கள், உருவபொம்மை எரித்தார்கள். முதலில் நெருப்பில் போனது பெரும்பாலும் போப்பாண்டவரின் பொம்மை. ஃபாக்ஸின் முறை பிற்பாடுதான் வந்தது. சிறுவர்கள் வைக்கோல் பொம்மைக்குப் பழைய சட்டை மாட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போய்க் காசு கேட்பார்கள். மழை பொய்த்த ஊரில் கொடும்பாவி கட்டி இழுத்த நம் முன்னோர்களுக்கு இது அந்நியமான காட்சியாக இருந்திருக்காது. பொம்மைக்கு முகம் வேண்டுமே, அதற்குத்தான் முகமூடி வந்தது. ஆக, இந்த முகமூடி முதன்முதலில் மனிதர் அணிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, நெருப்பில் போடுவதற்காகச் செய்யப்பட்டது.

எரித்துக்கொண்டே இருந்தால் எரிபவன்மேல் இரக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. 1841இல் வில்லியம் ஹாரிசன் ஐன்ஸ்வொர்த் என்ற நாவலாசிரியர் ஃபாக்ஸை மனசாட்சியுள்ள வீரனாக வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். வில்லன் கதாநாயகன் ஆனான். நமக்கும் இது பழக்கமான திருப்பம்தான்: ராவணனை நாயகனாக்கிப் புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார், 1948இல் அரசு அதைத் தடை செய்தது, தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐன்ஸ்வொர்த்துக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. அவருக்குப் பிறகு மலிவுவிலைச் சாகசக் கதைகளும் ஃபாக்ஸை இளம் வீரனாக்கிக் காசு பார்த்தன.

இருபதாம் நூற்றாண்டில் முகமூடி சித்திரக்கதைகளோடு ஒட்டிக்கொண்டது. பிரிட்டனின் சிறுவர் வார இதழ்கள் அக்டோபர், நவம்பர் வாக்கில் வெட்டி எடுத்து மாட்டிக்கொள்ளும் காகித ஃபாக்ஸ் முகத்தை இலவசமாகக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அந்த இதழ்கள் நமக்கு ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. லண்டனில் 1962இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழின் நாயகன் ஒருவன்தான், 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழில் ‘இரும்புக்கை மாயாவி’யாகத் தமிழ் பேசினான். பட்டாசு ஊரில் காமிக்ஸ். நவம்பர் 5இல் வாணம் விடும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலும் ஒரு ‘ஸ்டாண்டர்ட் ஃபயர்ஒர்க்ஸ்’, சிவகாசியிலும் ஒரு ‘ஸ்டாண்டர்ட் ஃபயர்ஒர்க்ஸ்’. சும்மா பெயர்ப் பொருத்தம்தான், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அரபு வாசகர்களுக்குச் சிவகாசியின் வேலையை பெய்ரூட் செய்தது. 1964இல் அங்கே சூப்பர்மேன் அரபி கற்றுக்கொண்டார். கிளார்க் கென்ட் அங்கே நபீல் ஃபவ்ஸி ஆனார். நாளிதழ் நிருபர் வேலையும் கண்ணாடியும் மட்டும் மாறவில்லை. எண்ணெய்க் காசு புரளத் தொடங்கிய வளைகுடாச் சிறுவர்கள் படித்தது இந்த பெய்ரூட் பதிப்புகளைத்தான். கேப்பும் முகமூடியும் அணிந்து அநீதியைத் தட்டிக்கேட்கும் ஆள் என்றால் யார் என்று துபாயிலும் தெரியும், தூத்துக்குடியிலும் தெரியும் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆட்கள் எல்லாரும் போலீஸுக்கு உதவி செய்கிறவர்கள். போலீஸுக்கு எதிராக நிற்கும் முகமூடிக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

1981. ‘வாரியர்’ என்ற புதிய பத்திரிகைக்காக எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவிட் லாயிடும் ஒரு தொடரைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்கால இங்கிலாந்து, பாசிச ஆட்சி, அதை ஒற்றை ஆளாக எதிர்க்கும் ஒருவன். அவனுக்கு என்ன உடை கொடுப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, உயிர்த்தெழுந்த கை ஃபாக்ஸாகவே அவனை ஆக்கிவிடலாமே என்று லாயிட் யோசனை சொன்னார். நல்ல யோசனை. பார்த்து வரைய ஒரு முகமூடி வாங்கலாம் என்று தேடினால், அது கோடைக்காலம். நவம்பர் சரக்கு கோடையில் எந்தக் கடையில் இருக்கும்? சிறுவயதில் பார்த்ததை நினைவில் வைத்து லாயிட் தானே ஒன்றை வரைந்தார். வாயில் ஒரு சிரிப்பையும் வைத்தார். கடையில் சரக்கு இருந்திருந்தால் இன்று நாம் அறிந்த முகம் இருந்திருக்காது. உலகம் முழுக்க ‘கை ஃபாக்ஸ் முகம்’ என்று அறியப்படுவது ஃபாக்ஸின் முகமும் அல்ல, பழைய காகித முகமும் அல்ல. ஓர் ஓவியரின் ஞாபகப் பிசகு கலந்த புதுப் படைப்பு.

‘வி ஃபார் வெண்டெட்டா’ 1982 மார்ச்சில் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. கதை முடியும் முன்பே, 1985இல் ‘வாரியர்’ மூச்சை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் அதை எடுத்து வண்ணம் பூசி, 1988, 89இல் பத்து இதழ்களாக முடித்துவைத்தது. பிறகு அது கிராஃபிக் நாவலாகப் புத்தகமானது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியர்களுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். மூர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் காமிக்ஸ்கள் சீக்கிரமே அச்சிலிருந்து மறைந்துவிடும். இதுவோ மறையவே இல்லை, நன்றாக விற்றுக்கொண்டே இருந்தது. அதனால் உரிமையும் திரும்பவில்லை. வெற்றி பெற்றதால் சொத்தை இழந்த எழுத்தாளர் அவர்.

திரைப்படம் எடுத்தபோது தன் பெயரைப் போடக் கூடாது, பணமும் வேண்டாம் என்று மூர் ஒதுங்கிக்கொண்டார். வச்சோவ்ஸ்கிகள் திரைக்கதை எழுத, ஜேம்ஸ் மெக்டீக் இயக்கினார். முகமூடிக்குள் முதலில் இருந்தவர் ஜேம்ஸ் பியூர்ஃபாய். படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்களில் அவர் விலக, ஹ்யூகோ வீவிங் வந்தார். படம் முழுக்க முகம் தெரியாது என்பதால் முன்பு எடுத்ததையும் வைத்துக்கொண்டு வீவிங்கின் குரலைச் சேர்த்துவிட்டார்கள். டூப் போட்டுப் பழகிய நம் சினிமாகூட இவ்வளவு சிக்கனமாக ஓர் ஆள் மாற்றத்தைச் செய்ததில்லை. சதியின் 400ஆம் ஆண்டு நிறைவான 2005 நவம்பர் 5ஐ ஒட்டி வெளியாக வேண்டிய படம் தள்ளிப்போய் 2006 மார்ச்சில் வந்தது.

புத்தகத்தில் முகமூடி ஒரே ஒருவனுடையது. அவன் போனால் இன்னொருவர் அதை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். படத்திலோ அவன் ஊர் முழுக்கத் தபாலில் முகமூடி அனுப்புகிறான்; கடைசியில் ஆயிரக்கணக்கானோர் அதே முகத்தோடு துப்பாக்கிகளை நோக்கி நடந்து வருகிறார்கள். மூல நூலின் ரசிகர்கள் பலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. கதையாக எனக்கும் புத்தகம்தான் மேல். ஆனால் பின்னால் பஹ்ரைனின் மனாமாவிலும் மும்பையிலும் நடந்ததெல்லாம் புத்தகத்தில் இல்லாத இந்தக் காட்சியின் விளைவு. ஒருவன் மட்டும் அணிந்தால் அது வேஷம். கூட்டமாக அணியலாம் என்று காட்டியது ஹாலிவுட்.

படத்துக்கு வந்த முதல் எதிர்வினைகளில் ஒன்று படக் கம்பெனியின் வாசலிலேயே நடந்தது. 2006 ஏப்ரல் 17இல் நியூயார்க்கில் டிசி, வார்னர் அலுவலகங்களுக்கு வெளியே அராஜகவாதிகள் திரண்டார்கள். மூலக்கதையின் அராஜகவாதத்தைப் படம் நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பது புகார். எதிரே வேறு அரசியல் பேசும் இன்னொரு கூட்டமும் வந்து நின்றது. இரண்டு பக்கமும் அதே முகமூடி! தெருவுக்கு வந்த அந்த ஆண்டிலேயே அது யார் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டது.

அடுத்து அதை எடுத்தவர்கள் இணையத்தில் வம்பு வளர்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள். 4சான் தளத்தில் எதைத் தொட்டாலும் சொதப்பும் ஒரு கோட்டுப் பொம்மை உலவியது. அதற்கு யாரோ இந்த முகமூடியை மாட்டிவிட்டார்கள். விளையாட்டுதான். 2008 பிப்ரவரி 10இல் ‘அனானிமஸ்’ என்ற பெயரில் அதே கூட்டம் சயின்டாலஜி மடத்தின் வாசல்களில் திரண்டபோது முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. விமர்சிப்பவர்களை வழக்குப் போட்டு அலைக்கழிப்பதில் அந்த மடம் பேர்போனது. எல்லா ஊரிலும் வேஷக் கடைகளில் கிடைப்பது, மலிவானது, பார்த்ததும் சிரிப்பு வருவது என்று இந்த முகம் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. சொதப்பல் பொம்மையின் முகம் புரட்சியின் முகமானது.

இதனால் லாபம் அடைந்தது நியூயார்க்கின் ரூபீஸ் என்ற வேஷ உடைக் கம்பெனி. வார்னரிடம் உரிமம் பெற்று முகமூடி செய்தது அவர்கள்தான். சரக்கு வந்தது சீனாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும். 2011இல் நியூயார்க் டைம்ஸ் விசாரித்தபோது ஆண்டுக்கு 1,00,000க்கும் மேல் விற்பதாகச் சொன்னார்கள். மற்ற முகமூடிகள் 5,000 போனால் பெரிது. ஒவ்வொன்றுக்கும் டைம் வார்னருக்கு உரிமத் தொகை போனது. பெருநிறுவனங்களைத் திட்டிக்கொண்டு வால் ஸ்ட்ரீட் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு பெருநிறுவனத்துக்குப் படியளந்துகொண்டிருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டியதும், அசல் வாங்காதே, நகலெடு என்ற பேச்சும் எழுந்தது. பிரேசிலில் ஒரு பட்டறை இதையே அச்சுப் போட்டுத் தள்ளியது. போலந்தில் 2012 ஜனவரியில் காப்புரிமை ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்த எம்.பி.க்கள் அவைக்குள்ளேயே காகிதத்தில் அச்சடித்த ஃபாக்ஸ் முகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெடியோடு உள்ளே நுழையப் பார்த்தவன் கடைசியில் உறுப்பினர்கள் கையில் நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டான்.

இந்தியாவில் இதைத் தெருவுக்கு இழுத்து வந்தது ஒரு தமிழ்ப் படம். 2012 மார்ச் இறுதியில் தனுஷ் நடித்த ‘3’ வெளியானது. ‘கொலவெறி’ பாட்டால் இணையம் தூக்கிவிட்ட படம் அது. திருட்டுப் பதிவைத் தடுக்க, யார் என்று பெயர் குறிப்பிடாத எல்லோரையும் கட்டுப்படுத்தும் ‘ஜான் டோ’ ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கினார்கள்; தெலுங்கின் ‘தம்மு’ படத்துக்கும் அப்படியே. ஆணையைக் கையில் வாங்கிய இணைய நிறுவனங்கள் எந்தப் பக்கத்தை முடக்குவது என்று பார்க்கவில்லை. பைரேட் பே, விமியோ, டெய்லிமோஷன் என்று தளங்களையே இழுத்துப் பூட்டின. ஜூன் 9இல் மும்பை ஆசாத் மைதானத்திலும் வேறு நகரங்களிலும் ஃபாக்ஸ் முகங்கள் வந்து நின்றன. சினிமாக் காப்புரிமையை எதிர்க்க இன்னொரு சினிமாக் கம்பெனியின் காப்புரிமையை முகத்தில் மாட்டிக்கொண்ட போராட்டம் அது. ஜூன் 22இல் நீதிமன்றம், குறிப்பிட்ட சுட்டிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று விளக்கம் தந்தது. ஆகஸ்ட் 31இல் மிஷ்கினின் ‘முகமூடி’ வந்தது. தமிழின் சூப்பர்ஹீரோ, இந்தக் கலாட்டாக்களில் எதிலும் சம்பந்தப்படாமல் குங்ஃபூ கற்றுக்கொண்டிருந்தார்.

வளைகுடாவுக்கு முகமூடி என்பதே புதிதல்ல. அமீரகம், ஓமான், கத்தார் பக்கத்து மூதாட்டிகள் புருவத்தையும் மூக்கையும் மறைத்து அணியும் புர்கா ஒரு துணி முகமூடி. அவுரிச் சாயம் தோய்த்து, உலோகம்போலப் பளபளக்கத் தேய்த்த அந்தத் துணி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. ஊருக்கு ஊர் வெட்டு மாறும். வெயில் காலத்தில் சாயம் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முகமது சயீத் ஹாரிப் உருவாக்கிய ‘ஃப்ரீஜ்’ என்ற துபாய் அனிமேஷன் தொடரின் நாயகிகள் நால்வரும் இந்த முகமூடி அணிந்த பாட்டிகள்தான். அது ஒளிபரப்பாகத் தொடங்கியதும் 2006. அதே ஆண்டில்தான் குவைத்தில் நைஃப் அல்-முத்தவா ‘தி 99’ என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸைத் தொடங்கினார். ஹாலிவுட் முகமூடி புறப்பட்ட நேரத்தில் வளைகுடா தன் சொந்த வீரர்களையும் வீராங்கனைகளையும் தயாரித்துக்கொண்டிருந்தது.

அங்கே ஃபாக்ஸ் முகம் அரசியலாக மாறியது பஹ்ரைனில். 2011 பிப்ரவரி 14இல் போராட்டம் தொடங்கியது, மறுநாள் மனாமாவின் முத்து ரவுண்டானாவில் மக்கள் திரண்டார்கள். மார்ச்சில் கூட்டம் கலைக்கப்பட்டது, அங்கிருந்த நினைவுச் சின்னமே இடித்துத் தள்ளப்பட்டது. அதன் படம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். போராட்டம் சந்துகளுக்குள் போனது. அடையாளம் தெரிந்தால் வேலை போகும், சிறை வரும் என்ற ஊரில் முகத்தை மறைப்பது பாவனை இல்லை, தேவை. பலர் துண்டால் மூடினார்கள், சிலர் ஃபாக்ஸ் ஆனார்கள். இரண்டாம் ஆண்டு நிறைவு நெருங்கிய 2013 பிப்ரவரியில் தொழில் வணிக அமைச்சர் ஹசன் ஃபக்ரோ இந்த முகமூடியை இறக்குமதி செய்யத் தடை விதித்தார். உள்துறை அல்ல, வணிகத்துறை! அரசும் அதை முதலில் ஒரு சரக்காகத்தான் பார்த்திருக்கிறது.

அமீரகத்தில் ரவுண்டானாக்கள் நிரம்பவில்லை. ஆனால் 2012 முழுக்க அரசியல் சீர்திருத்தம் கேட்டவர்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு 94 பேர்மீது வழக்கு நடந்தது. அந்தச் சூழலில் கொடி பூசிய முகமூடி விற்பனைக்கு வந்ததால்தான் காவல்துறைக்கு உறுத்தியது. விற்றவருக்கு உள்நோக்கம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எது விற்கிறதோ அதன்மேல் கொடியைப் பூசு என்பது தேசிய தின வியாபாரத்தின் பாலபாடம். 2012 ஏப்ரலில்தான் துபாயில் முதல் ‘மிடில் ஈஸ்ட் ஃபிலிம் அண்ட் காமிக் கான்’ நடந்து, ஆயிரக்கணக்கானோர் சினிமாப் பாத்திரங்களாக வேஷம் கட்டிக் கடற்கரையில் கூடியிருந்தார்கள். ஏப்ரலில் வேஷம் ரசிகர்களின் பொழுதுபோக்கு. நவம்பரில் அதுவே காவல் நிலைய விவகாரம்.

துபாய் எச்சரிக்கைக்கு இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 14இல், சீன அரசுத் தொலைக்காட்சியின் சினிமா அலைவரிசை ‘வி ஃபார் வெண்டெட்டா’வை ஒளிபரப்பியது. வெட்டு இல்லாமல். சீனர்கள் வாயைப் பிளந்தார்கள். முகமூடியைச் செய்து அனுப்பும் நாடு படத்தைக் காட்டியது. முகமூடியை வாங்கி விற்கும் ஊர்கள் அதை முகத்தில் மாட்டாதே என்றன.

2013 மே இறுதியில் சவூதி அரேபியாவும் இந்த வரிசையில் சேர்ந்தது. இறக்குமதிக்குத் தடை, கடையில் இருப்பதைப் பறிமுதல் செய், இளைஞர்களைத் தூண்டிவிடும் கலகக்காரர்களின் சின்னம் இது, பள்ளிவாசல் இமாம்களும் பெற்றோரும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று மார்க்க விவகார அமைச்சகம் சொன்னது. செப்டம்பரில், 83ஆவது தேசிய தினத்துக்கு முந்தின நாள், அணிவதற்கும் தடை வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய சவூதியில் பொதுத் திரையரங்கு என்று ஒன்று கிடையாது. படம் ஓட இடமில்லாத நாட்டில் படத்தின் முகமூடிக்குத் தடை. படம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கு மாகாணத்துக்காரர்கள் கடல்மேல் 25 கிலோமீட்டர் போகும் ஃபஹத் மன்னர் பாலத்தில் காரை விட்டு பஹ்ரைனுக்குப் போவார்கள். வார இறுதியில் தமாமிலிருந்தும் அல்கோபரிலிருந்தும் நம்மவர்களும் அப்படிப் போய்த்தான் ரஜினி படம் பார்த்து வந்தார்கள். அந்தப் பாலத்தின் இரு முனையிலும் அந்த ஆண்டு ஒரே பொருளுக்குத் தடை.

நான்கே ஆண்டில் காற்று திரும்பியது. 2017 பிப்ரவரியில் ஜெட்டாவில் சவூதியின் முதல் காமிக் கான் நடந்தது. இளைஞர்கள் முகத்தில் சாயம் பூசி, முகமூடி மாட்டி, அரசாங்கத்தின் பொழுதுபோக்கு ஆணையம் பார்த்திருக்கத் திரிந்தார்கள். 2018 ஏப்ரல் 18இல் ரியாதில் 35 ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த பொதுத்திரை திறந்தது. முதல் படம் ‘பிளாக் பாந்தர்’, ஒரு சூப்பர்ஹீரோ படம். அந்த முகமூடிக்காரர் ஒரு நாட்டின் மன்னர் என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

அதற்குள் ஃபாக்ஸுக்குப் போட்டி வந்துவிட்டது. 2017இல் ஸ்பெயினில் தொடங்கி நெட்ஃபிளிக்ஸில் ஊர் சுற்றிய ‘மணி ஹைஸ்ட்’ தொடரின் கொள்ளையர்கள் ஓவியர் டாலியின் முகத்தை மாட்டியிருந்தார்கள். மீசை இன்னும் நீளம், சிரிப்பு இல்லை. சிவப்பு மேலாடையோடு அந்த முகம் விற்பனைக்கும் வந்தது, ஊர்வலங்களுக்கும் வந்தது. 2019 அக்டோபரில் லெபனான் கொதித்தபோது பெய்ரூட் தெருக்களில் டாலி முகமும் நின்றது, ‘ஜோக்கர்’ படத்தைப் பார்த்துவிட்டு முகத்தில் சாயம் பூசியவர்களும் நின்றார்கள். ஜோக்கரும் டிசி, வார்னர் வீட்டுப் பிள்ளைதான். 55 ஆண்டுக்கு முன் சூப்பர்மேனுக்கு அரபி சொல்லிக்கொடுத்த நகரம் இந்த முறை வில்லன் பக்கம் சாய்ந்தது. சாயம் பூசிக்கொள்வதற்கு யாரும் உரிமத் தொகை கேட்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2020இல் கொரோனா வந்தது. முகத்தை மறைத்தால் விசாரிப்போம் என்ற நாடுகள் மறைக்காவிட்டால் தண்டம் என்றன. அமீரகத்தில் அது 3,000 திர்ஹம். தேராவில் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்த ஏப்ரல் 30இல் ரூபீஸ் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்தின் படி ஏறியது. விருந்து, விழா, காமிக் கான் எல்லாம் ரத்து. கடைகள் மூடிக் கிடந்தன. உலகமே முகமூடி வாங்கிய ஆண்டில் ரூபீஸின் கிடங்கில் இருந்தது வேறு வகைச் சரக்கு. கம்பெனி பிறகு கைமாறி, மறுபடியும் வேஷ வியாபாரத்துக்கே திரும்பிவிட்டது.